மலையேறும் வண்டியும் கார்புரேட்டர் கணக்கும்



விக்கிரமசிங்கபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். லீவு விட்டால் பழைய புல்லட்டையும் ஆர்.எக்ஸ். 100-ஐயும் எடுத்துக்கொண்டு கொடைக்கானல், ஊட்டி என்று கிளம்புகிறவர்கள் நம்மில் நிறைய உண்டு. திரும்பி வந்து எல்லாரும் சொல்வது, "மேல போகப் போக வண்டி இழுக்கவே மாட்டேங்கு." எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் அப்பா என்னிடம் கேட்டார்: "அதே வண்டி, அதே பெட்ரோல். மலைல மட்டும் ஏன்ல திணறுது?" அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் அளவில் ஒன்று, எடையில் ஒன்றா? மலைக்காற்று பொரி மாதிரி. அதிலும் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். ஆனால் அடர்த்தி குறைவு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டருக்கோ எடை பார்க்கத் தெரியாது.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம். வெஞ்சுரியின் உறிஞ்சல் குறைவதால் பெட்ரோலும் குறையும். ஆனால் அது வர்க்கமூலக் கணக்கில்தான் குறையும். 0.80-இன் வர்க்கமூலம் 0.89. அதாவது 80 பங்கு காற்றுக்கு 89 பங்கு பெட்ரோல். கலவை பத்து சதவீதத்துக்கு மேல் 'ரிச்' ஆகிவிடும். கரும்புகை, கரி பிடித்த பிளக், இழுவைக் குறைவு எல்லாம் இதனால்தான்.

இதைச் சரிசெய்ய மூன்று இடங்கள் உண்டு. ஐடிலிங்கில் திணறினால், ஏர் ஃபில்டர் பக்கம் உள்ள ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று வெளியே திருப்ப வேண்டும். பாதி ஆக்ஸிலேட்டரில் திணறினால், ஊசியின் லாக்கை ஒரு காடி மேலே மாற்ற வேண்டும். ஊசி கீழே இறங்கி பெட்ரோல் குறையும். முழு ஆக்ஸிலேட்டரில் திணறினால்தான் சிறிய மெயின் ஜெட். பிளக் நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கருப்பு என்றால் ரிச். வெள்ளை என்றால் லீன்.

மாஞ்சோலை மாதிரி ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும் இடத்துக்கு ஜெட் மாற்ற வேண்டியதில்லை. ஏர் ஸ்க்ரூ போதும். 5,359 மீட்டர் உயரமுள்ள லடாக்கின் கர்துங் லா போகிறவர்களுக்குத்தான் ஜெட் அவசியம். பனியில் ஓடும் பழைய ஸ்னோமொபைல்களுக்கும் இதே கணக்குதான். எந்த உயரத்துக்கு, எந்தக் குளிருக்கு எந்த ஜெட் என்று அவற்றின் கையேட்டிலேயே அட்டவணை இருக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதால் உயரத்தோடு குளிரையும் பார்க்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. டியூனிங் கலவையைச் சரியாக்குமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு பவர் போனது போனதுதான்.

இனி முக்கியமான விஷயம். மேலே வைத்த செட்டிங்கோடு அப்படியே கீழே இறங்கக் கூடாது. கீழே காற்று அடர்த்தி கூடும். கலவை லீன் ஆகி இன்ஜின் கொதிக்கும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் உயிருக்கே ஆபத்து. வண்டி இழுக்கவில்லை என்றால் நேரம்தான் போகும். லீன் ஆனால் ஆளே போகலாம்.

2020-க்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் சென்சாரும் இன்ஜெக்ஷனும் இந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் நம் தெருக்களில் கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. எனவே நண்பர்களே, ஸ்க்ரூ டிரைவரைத் தொடுமுன் ஜெட் நம்பர், லாக் இருந்த காடி, ஸ்க்ரூவின் சுற்று மூன்றையும் ஒரு தாளில் குறித்துப் பையில் வையுங்கள். இறங்குமுன் அந்தத் தாளை எடுங்கள்.