இரண்டு பூ விளைச்சலும் பன்னிரண்டு மாதச் செலவும்

கிராமத்துக் குடும்பங்கள் கடன்படுவதற்கு வருமானக் குறைவே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் வரவு வரும் காலமும் செலவு வரும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தாமையும் மற்றொரு பெரிய காரணம் என்பதை அங்கத்தினர்கள் கவனித்தல் வேண்டும். சுசீந்திரத்தையும் அதைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டு ஊர்களையும் இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

பழையாற்றின் நீரும், 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரும் இப்பகுதியில் இருபோக நெல் விளைவிற்கு ஆதாரமாயுள்ளன. கோடைக் கடைசியில் தொடங்கும் கன்னிப்பூ, ஆவணி புரட்டாசியில் அறுப்பாகிறது. அதன் பின் நடப்படும் கும்பப்பூ, மாசியை ஒட்டி அறுப்பாகிறது. ஆகவே நெல்லை நம்பிய குடியானவர் கையில் மொத்தமாகப் பணம் சேரும் காலம் ஆண்டில் இரண்டே. அடுப்போ ஆண்டு முழுவதும் எரிய வேண்டியிருக்கிறது.

இதில் மிகவும் இடர்ப்பாடான காலம் வைகாசி ஆனி மாதங்களாகும். மாசியில் வந்த பணம் பழைய கைமாற்றுக்கும், துணிமணிக்கும், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் பங்குனி சித்திரையிலேயே கரைந்துவிடுகிறது. அதன் பின்னரே கன்னிப்பூவுக்கு உழவும் விதையும் உரமும் வேண்டியிருக்கின்றன. பள்ளிகளும் கல்லூரிகளும் ஜூன் மாதத்தை ஒட்டியே திறக்கின்றன. அரசுப் பள்ளியில் பாடநூல் இலவசமாகக் கிடைப்பினும், மேற்படிப்புக்குச் செல்லும் பிள்ளையின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் தள்ளிப்போட இயலாது. புரட்டாசிப் பணத்தின் கதியும் இதுவே. தீபாவளி, கும்பப்பூ நடவு, சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் திருவிழாவுக்கு வரும் விருந்தினர், தைப்பொங்கல் என்று அடுத்தடுத்து வருவனவற்றால் மாசி பிறக்குமுன் கை வறண்டுவிடுகிறது. இவற்றுள் எதுவும் எதிர்பாராத செலவு அன்று. ஆண்டுதோறும் அதே மாதத்தில் வருவதை எதிர்பாராதது போல எதிர்கொள்வதே கடனுக்கு வாசலாகிறது.

அக்கடனின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். நாள் தண்டலில் 10,000 ரூபாய் எழுதி 9,000 ரூபாய் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று வாங்குபவர் எண்ணுவார். ஆனால் முதல் நாள் தொட்டே அசல் குறைந்துகொண்டு வருவதால், அந்த 100 நாட்களில் அவர் கையில் சராசரியாக நின்ற பிறர் பணம் ஏறக்குறைய 4,500 ரூபாய்தான். அத்தொகைக்கு 100 நாள் வட்டி 1,000 ரூபாய் என்றால், ஆண்டு வட்டி நூற்றுக்கு 80 அளவாகிறது. அளவு கடந்த வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனினும் அவசரத்தில் கை நீட்டுபவருக்கு அப்போது சட்டம் நினைவுக்கு வருவதில்லை. ஆகையால் அவசரம் நேராதபடி முன்னமே செய்துகொள்வதுதான் உண்மையான பாதுகாப்பு.

அதற்குரிய வழி ஒன்றே. செலவு போக மிஞ்சுவதைச் சேமிப்பது என்னும் வழக்கத்தை விட்டு, சேமிப்புப் போக மிஞ்சுவதைச் செலவிடுவது என்னும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். அறுப்பு முடிந்த வாரத்திலேயே இப்பிரிவினை நடைபெறுதல் அவசியம். ஒரு குடும்பத்திற்குக் கும்பப்பூவில் கூலியும் கடனும் போக 60,000 ரூபாய் நின்றதாகக் கொள்வோம். ஜூன் மாதப் படிப்புச் செலவு 12,000 ரூபாய், கன்னிப்பூச் சாகுபடிக்குக் கைப்பணம் 13,000 ரூபாய் என மதிப்பிட்டு, இந்த 25,000 ரூபாயை அன்றே தனியே கட்டிவிட வேண்டும். எஞ்சிய 35,000 ரூபாயை அடுத்த அறுப்பு வரையுள்ள ஏழு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதத்திற்கு 5,000 ரூபாய் வருகிறது. பாலும் தேங்காயும் கூலியும் தரும் சில்லறை வரவை இதனோடு சேர்த்துக் குடும்பம் நடத்த வேண்டும் என்பது அப்போது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெளிவாகிறது. அறுபதினாயிரத்தைக் கண்ட கண்ணுக்குப் பங்குனிச் செலவு சிறியதாகத் தோன்றும். ஐயாயிரத்தைக் கண்ட கண்ணுக்கு அவ்விதம் தோன்றாது.

நிலமின்றிக் கூலியால் வாழும் குடும்பத்திற்கும் இவ்விதி பொருந்தும். வாரக்கூலி வந்த அன்றே 100 ரூபாய் கட்டி வந்தால் ஆண்டில் 5,200 ரூபாய் சேரும். மழைக்காலத்தில் வேலை இல்லாத வாரங்களைக் கடக்க இத்தொகை பேருதவியாகும். அதுவும் இயலாத வீடுகளுக்கு நம் முன்னோர் கையாண்ட பிடி அரிசி முறை உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் எடுத்து வைப்பதே அம்முறை. ஒரு பிடி 40 கிராம் என்றும், நாளொன்றுக்கு இரு வேளை சமையல் என்றும் கொண்டால் ஆண்டில் 29 கிலோ அரிசி சேர்கிறது. இது அற்பம் என்று எண்ணத்தக்கதன்று. மிசோரம் மலைநாட்டில் 1910-ஆம் ஆண்டு முதல் பெண்கள் வேளைதோறும் திருச்சபைக்கென எடுத்து வைத்து வரும் பிடி அரிசி, அச்சபையின் பெரிய நிதி ஆதாரங்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது.

அடுத்து, கூட்டுறவுச் சங்கத்தின் பங்கைக் கவனிப்போம். இந்தியாவில் 1904-ஆம் ஆண்டில் முதற் கூட்டுறவுச் சட்டம் பிறந்தபோது, சிக்கனம், சுய உதவி, ஒத்துழைப்பு ஆகிய மூன்றையும் வளர்ப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. சிக்கனம் முதலில் நிற்பது கருதத்தக்கது. திருவிதாங்கூரில் 1914-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைந்தது முதல் நாஞ்சில் நாட்டுச் சங்கங்கள் தமிழ்நாட்டு ஏற்பாட்டின்கீழ் நடைபெறுகின்றன. இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் செலுத்துவோரிடம் வட்டி பெறப்படுவதில்லை. தவறினால் வட்டி ஏறுகிறது. ஆகவே அறுப்புப் பணத்தில் முதற் பங்கு சங்கக் கடனுக்கே செல்ல வேண்டும். தவணையில் கட்டியவருக்கு வட்டி மிச்சமாவதோடு, அடுத்த பூவுக்குக் கடன் பெறும் வழியும் திறந்திருக்கிறது.

சேமித்ததை எங்கே வைப்பது என்பது மிக முக்கியமான வினா. 1938 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கு பணம் கொடுப்பதை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்தவர்கள் பெருந்துயருற்றனர். வைப்பீட்டுக் காப்பீடு அக்காலத்தில் கிடையாது. 1962 ஜனவரி முதல் அக்காப்பு நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் கிராமத்துத் தொடக்கச் சங்கங்களில் போடும் வைப்பீடு இக்காப்பில் சேராது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். சங்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டுமென்பது இதன் கருத்தன்று. அங்கே அங்கத்தினரின் விழிப்பே காப்பு என்பதே இதன் கருத்து. பொதுப்பேரவைக் கூட்டத்திற்குச் செல்லுதல், தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டல், கட்டிய பணத்திற்கு உடனே ரசீது பெற்றுப் பாஸ்புத்தகத்தில் பதிந்துகொள்ளுதல் ஆகியவை அவரவர் கடமை. சீட்டுக் கட்டுவோரும், அது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று விசாரித்த பின்னரே சேருதல் வேண்டும்.

யாருக்காகச் சேமிப்பது என்பதையும் நாஞ்சில் நாட்டார் எளிதில் உணர்வர். முற்காலத்தில் இங்கு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள்வழி நிலவியது. உரிமை சகோதரியின் மக்களுக்குச் சென்றமையால், தந்தை பாடுபட்டும் மனைவி மக்கள் நிர்க்கதியாவது உண்டு. அத்துன்பத்தையே தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியமாகப் பாடினார். 1926-ஆம் ஆண்டுச் சட்டம் மக்களுக்கு உரிமையை அளித்தது. சட்டம் உரிமையைத் தரலாம்; அவ்வுரிமையில் பொருளை வைக்க வேண்டியவர் பெற்றோரே. ஆகையால் குடும்பச் சேமிப்பைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவர் கையொப்பத்தோடு மட்டுமே எடுக்கக்கூடியதாக வைத்தல் சிறந்தது. ஒருவரது அவசரத்தை மற்றவரது நிதானம் தடுக்கும். பத்து வயது நிறையாத பெண் குழந்தைக்கு, 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புக் கணக்கை அஞ்சலகத்தில் தொடங்கலாம். ஆண்டிற்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு நிலைத்திருக்கும். பதினெட்டு வயதில் உயர்கல்விக்காக இருப்பில் பாதி வரை எடுக்க இடமுண்டு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சிக்கனத்தின் பேரால் குழந்தையின் பாலையும், தாயின் உணவையும், நோயாளியின் மருந்தையும் குறைத்தல் ஆகாது. அவ்விதம் மிச்சம் பிடித்தது பின்னர் வைத்தியச் செலவாகப் பன்மடங்கு வெளியேறும். குறைக்கத்தக்கவை பந்தல் அலங்காரமும், பிறர் பார்க்கச் செய்யும் சீரும், கடன் வாங்கி எடுக்கும் புடவையுமேயாம்.

வரும் அறுப்பின்போது ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, எந்த மாதத்தில் எந்தச் செலவு வரும் என்பதை மனைவியுடனும் வளர்ந்த பிள்ளைகளுடனும் கலந்து குறித்துக்கொள்வாராக. நெல் பத்தாயத்தில் ஏறும்போதே ஆனி மாதப் பணமும் வங்கியில் ஏறிவிடுமானால், கன்னிப்பூ நடவு நாளில் அவர் பிறர் வாசலில் நிற்க வேண்டியிராது.