நிலத்தின் வரலாற்றைப் படிப்பவர்கள்

கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறோம். பணத்தைக் கொடுத்ததும் புத்தகம் நம்முடையதாகிவிடுகிறது. விற்றவரைப் பார்த்து, “இஃது உமக்கு எவ்வாறு வந்தது?” என்று நாம் கேட்பதில்லை. நிலம் வாங்கும்போதோ அந்தக் கேள்விதான் முதற் கேள்வி. தன்னிடம் இல்லாததை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க இயலாது அன்றோ? விற்பவர்க்கு உரிமை இல்லையேல், எத்துணைப் பணம் கொடுத்தாலும் வாங்குபவர்க்கு உரிமை பிறப்பதில்லை. இக்கேள்விக்கு விடை தேடித் தருவதையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்களைப் பற்றியும், அவர்கள் கூடி நடத்தும் சட்ட நிறுவனங்களைப் பற்றியும் இன்று சிந்திப்போம். தாம்பரமும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரும் நமக்கு எடுத்துக்காட்டாக அமையட்டும்.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி பெரும்பாலும் ஏரியும் வயலுமாய் இருந்தது. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கே குடிபுகுந்தது. 1984இல் ஏற்றுமதித் தொழில் வளாகம் எழுந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கணினித் தொழில் பரவியது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பெரும் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வயல் மனையாயிற்று; மனை கடையாயிற்று; கடை நின்ற இடத்தில் பல அடுக்கு அலுவலகக் கட்டடம் எழுந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு பத்திரம் எழுதப்பட்டது.

அப்பத்திரங்களை இன்று எடுத்துப் பார்ப்பவர் திகைப்படைதல் இயல்பு. பழைய பத்திரத்தில் “செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா” என்றிருக்கும். 1997க்குப் பின் எழுதியதில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருக்கும். 2019க்குப் பின் எழுதியதில் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம் வரும். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. சர்வே எண்ணும் உட்பிரிவு செய்யப்பட்டு மாறியிருக்கும். மண் ஒன்றே, அதன் முகவரிகள் பல. இத்தனை பெயர்களும் ஒரே துண்டு நிலத்தையே குறிக்கின்றனவா என்று ஒப்பிட்டுக் காண்பது சொத்துச் சட்ட வழக்கறிஞரின் முதற் பணி.

“பத்திரம் பதிவாகியிருக்கிறதே, அது போதாதா?” என்று கேட்கலாம். போதாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் நில விற்பனைக்குப் பதிவைக் கட்டாயமாக்கின. ஆயினும் பதிவு என்பது நடந்த பரிமாற்றத்தை ஊரறியக் குறித்து வைத்தலே. எழுதிக் கொடுத்தவர்க்கு உரிமை உண்டென்று அரசு அளிக்கும் உறுதிமொழி ஆகாது. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரத்தை 1908ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு அலுவலர்க்கு அளிக்கவில்லை என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. பட்டாவும் வருவாய்த்துறையின் கணக்கே. அது தனித்து நின்று உரிமையை நிலைநாட்டாது. பொது அதிகாரப் பத்திரத்தைக் காட்டி நிலத்தை விற்றது போலக் கைமாற்றும் வழக்கமும் ஒருகாலத்தில் பெருகியிருந்தது. அவ்வகைப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே வழக்கறிஞர் பின்னோக்கி நடக்கிறார். இன்றைய கிரயப் பத்திரத்திலிருந்து தாய்ப்பத்திரத்திற்கும், அதிலிருந்து அதற்கு முந்தியதற்கும் செல்கிறார். குறைந்தது முப்பது ஆண்டுகள் பின்னே செல்வது இத்தொழிலின் மரபு. முப்பது ஆண்டு கடந்து, உரிய இடத்தில் காக்கப்பட்ட பத்திரத்தை உண்மையானதென்று நீதிமன்றம் கொள்ளலாம் எனச் சாட்சியச் சட்டம் கூறுவதும் இம்மரபுக்குத் துணை நிற்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் அங்கே நின்றுவிட வேண்டும். பாகப்பிரிவினையில் எல்லாப் பங்காளிகளும் கையொப்பமிட்டனரா? மைனரின் பங்கை விற்றிருந்தால் நீதிமன்ற அனுமதி பெறப்பட்டதா? பெண்மக்கள் விடுபட்டனரா? இக்கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம், அப்போது மணமாகாதிருந்த இந்துப் பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு ஒப்பான பங்கை வழங்கியது. 2005இல் நாடு முழுமைக்குமான திருத்தம் வந்தது. சகோதரர் மட்டும் கையொப்பமிட்ட பத்திரத்தை வாங்கியவர், பின்னாளில் சகோதரி தொடுக்கும் வழக்கைச் சந்திக்க நேரிடும்.

இங்கே வில்லங்கச் சான்று உதவும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பதிவான பரிமாற்றங்களையே அது காட்டும். பதிவு செய்யாத உயிலையோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ, வரிப் பாக்கியையோ அதில் காண இயலாது. அதனால்தான் வழக்கறிஞர்கள், “இச்சொத்தில் பாத்தியதை கோருவோர் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க” என்று செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிடுகின்றனர். நீதிமன்றங்களில் வழக்கு நிலுவையில் உள்ளதா என்றும் தேடுகின்றனர்.

இவை எவ்வூர்க்கும் பொது. தாம்பரத்திற்கென்றே உரிய கேள்விகளும் உண்டு. சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்காரணை என இங்கு ஏரி இல்லாத ஊர் அரிது. நிலம் ஏரிப் புறம்போக்கில் சேர்ந்ததா என்று பழைய கிராம வரைபடத்தில் பார்க்க வேண்டும். ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென 2007இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பல்லாவரத்தில் கன்டோன்மென்ட் நிலம் உண்டு. கோயில் நிலமாயின், 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி ஆணையரின் இசைவின்றி விற்றது செல்லாது. 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்துக்கொண்ட நிலமா என்றும் பார்த்தல் வேண்டும். அச்சட்டம் 1999இல் நீக்கப்பட்ட போதிலும் அதன் வழக்குகளின் நிழல் நீண்டு கிடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியதை நாடறியும். பழைய வரைபடத்தைப் பாராமல் நிலம் வாங்குவதன் விலை பணத்தோடு முடிவதில்லை என்பதை அவ்வெள்ளம் உணர்த்திற்று.

வாணிகச் சொத்தாயின் வேலை இன்னும் விரிகிறது. அவ்விடத்தில் வாணிகக் கட்டடம் எழுப்பலாமா என்பதைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்டம் சொல்லும். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகிலிருப்பதால் கட்டடத்தின் உயரத்திற்கும் கட்டுப்பாடு உண்டு. குத்தகைப் பத்திரத்தில் வாடகை உயர்வு, பழுதுபார்ப்பு, காலி செய்தல் முதலியவற்றை ஐயமின்றி எழுத வேண்டும். பூசல் எழுந்தால் எந்த நீதிமன்றத்திற்குச் செல்வது என்பதுகூட ஆராய்ச்சிக்குரியது. 2015ஆம் ஆண்டின் வாணிக நீதிமன்றச் சட்டம், வாணிகத்திற்கே பயன்படும் சொத்து பற்றிய ஒப்பந்தப் பூசல்களை வாணிக நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. அச்சொத்து உள்ளபடியே வாணிகத்திற்குப் பயன்பட்டு வரவேண்டும், இனிப் பயன்படக்கூடும் என்பது போதாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

இத்தனையும் ஒருவரால் ஆகுமா? இங்கேதான் நிறுவனத்தின் தேவை தோன்றுகிறது. ஒருவர் மூலப்பத்திரங்களை ஆராய்கிறார், ஒருவர் குத்தகை எழுதுகிறார், ஒருவர் வழக்காடுகிறார். உயர் நீதிமன்றத்தைச் சூழ்ந்த சென்னை நகரில் இத்தகைய கூட்டு நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே உள்ளன. கிங் அண்டு பார்ட்ரிட்ஜ் அவற்றுள் ஒன்று. வங்கிகளும் பெருங் கம்பெனிகளும் அத்தகைய நிறுவனங்களை நாடுகின்றன. புறநகரிலோ, நீதிமன்றத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தையும் ஒட்டித் தனித்துத் தொழில் புரியும் வழக்கறிஞர்களே மிகுதி. எந்தப் புலம் எந்த ஏரியில் இருந்தது, எந்தக் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்ற ஊரறிவு இவர்களிடம் உண்டு. பெரிய நிறுவனங்களும் அவ்வறிவைத் தேடி வர வேண்டியிருக்கிறது. அயல்நாட்டுச் சட்ட நிறுவனங்கள் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோன்றி, 2012இல் அங்கும் 2018இல் உச்ச நீதிமன்றத்திலும் தீர்ப்புக் கண்டது. பின்னர் 2023இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் அவற்றிற்குச் சில துறைகளில் வழிவிட்டபோதும், சொத்துப் பத்திரம் எழுதுதல், உரிமை ஆராய்தல் ஆகியவற்றை விலக்கியே வைத்தது.

நல்ல வழக்கறிஞரை எவ்வாறு தேர்வது? வழக்கறிஞர் விளம்பரம் செய்துகொள்வதை மன்றத்தின் விதிகள் தடுக்கின்றன; பெயர், முகவரி, தகுதி போன்ற சில விவரங்களை மட்டும் இணையதளத்தில் தர 2008இல் இசைவு கிடைத்தது. ஆதலின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட ஒரு கேள்வியைக் கேட்பதே நன்று: “இவர் யாருடைய வழக்கறிஞர்?” வீடு வாங்கும் எளியவர் பலர், “வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார், கடனும் கிடைத்துவிட்டது” என்று அமைதி கொள்கின்றனர். வங்கி பெற்ற சட்டக் கருத்துரை வங்கியின் பணத்தைக் காப்பதற்கானது. மனை விற்போர் காட்டும் கருத்துரை விற்போர் கட்டணம் செலுத்திப் பெற்றது. வாங்குபவர்க்கென்று படித்தவர் அங்கே ஒருவரும் இல்லை! ஒரு காரியத்தில் ஒருவர்க்குப் பணிபுரிந்த வழக்கறிஞர் அதே காரியத்தில் எதிர்த்தரப்பிற்குப் பணிபுரியலாகாது என்று விதி உள்ளது. அவ்விதியின் உட்பொருளை மக்கள் உணர வேண்டும்.

பின்னர் வருந்திப் பரிகாரம் தேடுவதும் எளிதன்று. கருத்துரை பிழையாயிற்று என்ற காரணத்தால் மட்டும் வழக்கறிஞரைக் குற்றவாளி ஆக்க முடியாது, மோசடியில் அவர் பங்குகொண்டதைக் காட்டவேண்டும் என 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கறிஞர் தொண்டு நுகர்வோர் சட்டத்தின் கீழ் வாராது என 2024இல் தீர்ப்பளித்தது. கட்டட விற்பனையை முறைப்படுத்தும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் ஓர் ஆறுதல் தருகிறது: அச்சட்டத்திற்கு உட்பட்ட திட்டத்தில் நிலவுரிமைக் குறையால் வாங்கியவர்க்கு இழப்பு நேர்ந்தால், திட்டத்தை நடத்துபவர் ஈடு செய்ய வேண்டும், அக்கோரிக்கைக்குக் காலவரம்புத் தடையும் இல்லை. எனினும் வந்தபின் காப்பதினும் வருமுன் காப்பதே அறிவுடைமை.

மாணவர்களே! உங்களில் சிலர் சட்டம் பயிலக்கூடும். இத்தொழிலுக்குச் சட்டநூல் மட்டும் போதாது. பழைய கையெழுத்தைப் படிக்கும் பொறுமை, நில அளவை அறிவு, ஊர் வரலாற்றில் ஆர்வம் ஆகிய மூன்றும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வாங்கத் துடிக்கும் கட்சிக்காரரிடம், “இந்நிலம் வேண்டாம்” என்று சொல்லும் துணிவு வேண்டும். சட்டம் பயிலாதோர்க்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் வீட்டில் நிலம் வாங்கும் பேச்சு எழும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, வாங்குபவர்க்கென்று ஒரு வழக்கறிஞர் பத்திரங்களைப் படித்தாரா என்று கேளுங்கள். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. ஏரிகள் சூழ்ந்த இப்புறநகரில் அம்மொழிக்கு இருமடங்கு பொருள் உண்டு.