ஓடுகிறவர் இடுப்பில் ஒரு கிலோ

நெய்வேலி நகரியத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாரதி விளையாட்டரங்கில் தினமும் காலையில் ஓடுகிறவர். செல்பேசியையும் சாவிக்கொத்தையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினால் தொடையில் அடித்துக்கொண்டே இருக்கிறதாம். தலைவர்களின் வண்டிக்குப் பக்கத்தில் ஓடிவரும் பாதுகாவலர்களின் சட்டைக்குள் துப்பாக்கி இருக்குமே, அது மட்டும் எப்படி ஆடாமல் இருக்கிறது, தடுக்கி விழுந்தால் அது வெடிக்காதா என்று கேட்கிறார். முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. துப்பாக்கி செய்கிறவர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக அதற்கு விடை தேடியிருக்கிறார்கள்.

நெய்வேலிக்காரர்களுக்குத் துப்பாக்கி புதிதல்ல. சுரங்க வாயிலிலும் அனல்மின் நிலையத்திலும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் நிற்பதைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை அங்கே உண்டு. 2014 மார்ச்சில் அந்தப் படைவீரர் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்ததையும் ஊர் மறந்திருக்காது. அங்கே வாயிலில் நிற்பவர்கள் தாங்குவது நீளத் துப்பாக்கி. எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காகவே அது தோளில் தொங்குகிறது. கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் வேறு வகையினர். நம் நாட்டில் அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் மிகச் சிலர். பிரதமருக்கு எஸ்.பி.ஜி., தமிழக முதல்வருக்குக் கோர் செல், அமைச்சர்களோடும் நீதிபதிகளோடும் போகிறவர்கள் பி.எஸ்.ஓ.க்கள். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியை அவருடைய காவலர்களே சுட்டுக் கொன்ற பிறகு, 1985இல் எஸ்.பி.ஜி. உருவானது. அதற்கான சட்டம் 1988இல் வந்தது.

உரிமம் வைத்திருக்கும் தனியாருக்கும் மறைப்பது கட்டாயம் என்பது பலருக்குத் தெரியாது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோகிறவர் அதை உடம்போடு சேர்த்த உறையிலோ அதற்கான பையிலோ வைத்து முழுதாக மூடியிருக்க வேண்டும். அது அவருடைய பிடியை விட்டுப் போகாமலும் இருக்க வேண்டும். இடுப்பில் பளபளவென்று செருகிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவர், வாயே திறக்காமல் விதியை மீறுகிறார்.

இனி, அது ஏன் ஆடுவதில்லை என்று பார்ப்போம். கிளாக் 17 என்னும் ஆஸ்திரியத் துப்பாக்கி, தோட்டா நிரப்பினால் ஏறத்தாழ 900 கிராம். இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யும் 9 மி.மீ. பிஸ்டல் 13 தோட்டாக்களோடு ஒரு கிலோவைத் தாண்டும். கான்பூரில் 2014இல் வெளிவந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் டைட்டேனியக் கலவையில் செய்யப்பட்டதால் அரைக் கிலோதான். நிற்கும்போது இந்த எடைகள் ஒன்றுமில்லை. ஓடும்போது உடம்பு ஒவ்வொரு அடிக்கும் சில சென்டிமீட்டர் மேலே போய்க் கீழே வருகிறது. கால் தரையில் படும்போது தரை திருப்பி உதைக்கிற விசை உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தால் அரை மணி நேர ஓட்டத்தில் 4,800 உதைகள். ஒவ்வொரு உதையிலும் அந்த ஒரு கிலோ சில கிலோவாகக் கனத்து பெல்ட்டைக் கீழே இழுக்கும்.

ஆனால் எடையைவிடத் தொல்லை தருவது இடைவெளி. என் அப்பா ஷிப்டுக்குச் சைக்கிளில் போவார். தூக்குச்சட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போன நாளில் சாம்பார் பாதி வழியிலேயே சிந்திவிடும். பின்கேரியரில் வைத்து ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினால் அதே குண்டு குழியில் ஒரு சொட்டும் சிந்தாது. துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். அது உடம்போடு சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் இருப்பதே தெரியாது. ஓர் அங்குலம் தனியாக ஆட இடம் கொடுத்தால், உடம்பு மேலே போகும்போது அது கீழே வந்து இடுப்பெலும்பில் இடிக்கும்.

அதனால்தான் உறையை எங்கே கட்டுவது என்பது பெரிய விஷயமாகிறது. கணுக்காலில் கட்டுவது சினிமாவில் நன்றாக இருக்கும். ஓடும்போது முன்னால் வீசும் பாதம், உடம்பின் வேகத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் போய்ச் சட்டென்று நிற்கிறது. உடம்பிலேயே அதிகம் உலுக்கப்படும் இடம் அது. தோளில் மாட்டும் உறை வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு வசதி, கை வீசி ஓடுகிறவருக்கு ஊஞ்சல். முதுகின் நடுவில் செருகினால், மல்லாந்து விழும்போது இரும்பு தண்டுவடத்தில் இறங்கும். மிஞ்சுவது இடுப்பு. உடம்பின் எடைமையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருப்பதால், ஓடும்போது மற்ற இடங்களைவிட அங்கே வீச்சு குறைவு. பாதுகாவலர்கள் அங்கே இரட்டைத் தோலில் தைத்த முறுக்காத பெல்ட்டில், விலாவை ஒட்டி உயர்த்தி, கடினமான உறையை மாட்டுகிறார்கள். அரைக்கால்சட்டை போட்டு ஓடுகிறவருக்குப் பெல்ட் கிடையாது. அவர்களுக்கென்று வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டைகள் வெளிநாடுகளில் விற்கின்றன. அகலம் கூடக்கூட எடை பரவி அழுத்தம் குறையும்.

சஃபாரி உடையின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. நம் ஊர் பாதுகாவலர்கள் அதை விடாமல் போடுவதைப் பலர் பழைய பழக்கம் என்று நினைக்கிறார்கள். கால்சட்டைக்கு வெளியே விடும் தடித்த துணிச் சட்டை அது. கீழ்ப்பைகளின் கனத்தால் ஓடும்போது காற்றில் எழும்பாது, வியர்வையில் உடம்போடு ஒட்டி உள்ளே இருப்பதன் உருவத்தைக் காட்டிக்கொடுக்காது, தேவைப்பட்டால் ஒரு கையால் விலக்கிவிடலாம். சித்திரை வெயிலுக்குக் கோட்டைவிட இது எவ்வளவோ மேல்.

வியர்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலுறை வியர்வையை உறிஞ்சி ஊறும். அதில் இருக்கும் உப்பு இரும்பை அரிக்கும். தோலைப் பதனிடும் சரக்கு பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு பூக்க வைக்கும். இன்னொரு கேடு, ஊறி ஊறித் தளர்ந்த தோல் மடிந்து டிரிகர் வளையத்துக்குள் போய்விடுவது. துப்பாக்கியை உறைக்குள் தள்ளும் கையே அதைச் சுட வைத்துவிடும். ஓட்டக்காரர்களின் கால்சட்டையில் தொங்குகிறதே ஒரு நாடா, அதன் நுனியில் பிளாஸ்டிக் குமிழோடு, அதுவும் இப்படியே டிரிகரில் மாட்டி ஆட்களைக் காயப்படுத்தியிருக்கிறது. ஆகவே நல்ல உறைக்கு முதல் இலக்கணம், டிரிகர் வளையத்தை விறைப்பான சுவரால் முழுக்க மூடுவது. இன்று பெரும்பாலும் கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, துப்பாக்கியின் உருவத்துக்கு அச்செடுத்து இதைச் செய்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. இடுப்பு உயரம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நழுவும் துப்பாக்கி தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். சிமெண்டுத் தரையில் பட்டதும் வெளிக்கூடு ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் ஊசி நிற்பதில்லை. குழல் கீழ்நோக்கி விழுந்தால், தோட்டாவின் அடியைக் குத்த வேண்டிய ஃபயரிங் பின் அதே வேகத்தில் முன்னே ஓடும். யாரும் டிரிகரைத் தொடாமலேயே தோட்டா வெடிக்கலாம். பழைய ரிவால்வர்களில் ஆபத்து வேறு பக்கம்: பின்னாலுள்ள சுத்தி தரையில் பட்டால் அது நேரே தோட்டாவில் அறையும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் ஆறு அறை ரிவால்வரில் ஐந்து தோட்டா போட்டு, சுத்திக்கு எதிரே காலி அறையை வைத்தார்கள். 1944இல் அமெரிக்கக் கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில் விழுந்த ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதன்பின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சுத்திக்கும் தோட்டாவுக்கும் இடையே ஒரு தடுப்புத் தகட்டை உறுதியாக அமைத்தது. டிரிகரை இழுத்தால் மட்டுமே அந்தத் தகடு விலகும்.

பிஸ்டல்களுக்கு இதே யோசனை வேறு வடிவில் வந்தது. 1911 என்றே பெயர் பெற்ற கோல்ட் பிஸ்டலில், ஊசியின் பாதையை அடைக்கும் சிறு உருளையை 1983இல் சேர்த்தார்கள். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக்கிலும் அப்படியொரு உருளை உண்டு. ஆனால் என் மனம் போய் நிற்பது கிளாக்கின் டிரிகரின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கில். டிரிகருக்குள் ஒரு குட்டி டிரிகர்போல இருக்கும். பார்த்தால் அலங்காரம் என்று தோன்றும். அது எதற்கு?

அதற்கு விடை 2017இல் வேறொரு துப்பாக்கியிலிருந்து கிடைத்தது. அமெரிக்க ராணுவம் அந்த ஆண்டு ஜனவரியில் சிக் பி320 என்னும் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. ஊசித் தடுப்பு அதிலும் இருந்தது. ஆகஸ்டில் சிலர் அதன் பொதுச் சந்தை வகையைப் பின்பக்கம் கீழாக, ஒரு குறிப்பிட்ட சாய்வில் விழவிட்டுப் பார்த்தார்கள். வெடித்தது. டிரிகர் என்பதும் எடையுள்ள ஓர் உலோகத்துண்டுதானே! துப்பாக்கி நின்ற பின்னும் டிரிகர் பின்னோக்கி ஓடி, தன்னைத் தானே இழுத்துக்கொண்டது. டிரிகர் இழுபட்டால் தடுப்பு விலக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தடுப்பும் சொன்னபடி விலகிக்கொண்டது. எல்லா உறுப்பும் தன் வேலையைச் சரியாகச் செய்ததால் நேர்ந்த விபத்து இது. நிறுவனம் பிறகு எடை குறைந்த டிரிகரை மாட்டித் தந்தது. கிளாக்கின் நாக்கு காப்பது இந்த இடத்தைத்தான். விரல் நடுவில் அழுத்தினால் நாக்கு உள்ளே போகும், டிரிகர் அசையும். அதிர்ச்சியில் டிரிகர் மட்டும் பின்னே போகப் பார்த்தால் நாக்கு சட்டத்தில் முட்டி நிறுத்திவிடும். ஒரு கிராம்கூடத் தேறாத ஒரு துண்டு, எந்த விசை மனித விரல், எந்த விசை வெறும் வீழ்ச்சி என்று பிரித்தறிகிறது. மனிதர்கள் கண்டுபிடித்த பொறிகளில் இவ்வளவு சிறியதும் இவ்வளவு கூர்மையானதும் எனக்கு அதிகம் தெரியாது.

நம் நாட்டில் புழங்கும் எல்லாத் துப்பாக்கியிலும் இந்த நாக்கும் உருளையும் இருக்கின்றன என்று யாரும் நம்பிவிட வேண்டாம். 2024 அக்டோபர் 1 அன்று இந்தி நடிகர் கோவிந்தா தம் உரிமம் பெற்ற ரிவால்வர் கை நழுவி விழுந்து வெடித்ததாகச் சொன்னார்; குண்டு அவருடைய காலில் பாய்ந்தது. அவர் ஓடவில்லை, வீட்டில் இருந்தார். தாத்தா வாங்கிய ரிவால்வரை உரிமத்தோடு பேரன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. உரிமத்தைத் தவறாமல் புதுப்பிக்கிறார்கள், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறார்கள். அதன் சுத்திக்கு முன்னால் தடுப்பு இருக்கிறதா என்று ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கள்ளத்தனமாகச் செய்யும் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியே அதைச் செய்கிறவர் மனத்தில் எழுவதில்லை. அதை இடுப்பில் செருகி ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகள், குண்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு கணம் குனிந்து பார்த்தால் போதும்.

எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. துப்பாக்கி வாங்கும்போது எடை, குழல், தோட்டா எண்ணிக்கை என்று அத்தனையும் பேசுகிறோம். உறையைப் பெட்டியோடு வரும் உதிரிப்பொருளாக நினைத்துவிடுகிறோம். ஓடுகிறவரின் உயிரும் பக்கத்தில் நிற்கும் கூட்டத்தின் உயிரும் அந்த உறையில்தான் தொங்குகிறது. குறிப்பாகப் பெண் காவலர்களுக்கு. தமிழகக் காவல்துறையில் 1973இலேயே பெண்கள் சேர்ந்துவிட்டார்கள், 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது, இன்று தலைவர்களின் வண்டியோடு பெண் அதிகாரிகளும் ஓடுகிறார்கள். ஆனால் பொதுவாக இடுப்புறைகள் ஆணின் நேரான இடுப்பை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. பெண்ணின் இடுப்பெலும்பு விரிந்தது, பெல்ட்டுக்கும் விலாவுக்கும் இடையே தூரம் குறைவு. உயர்த்திக் கட்டும் உறையில் துப்பாக்கியின் கைப்பிடி உள்ளே சாய்ந்து ஒவ்வொரு அடிக்கும் விலாவில் குத்தும். வலிக்கிறதே என்று அவர் பெல்ட்டைத் தளர்த்துவார். தளர்ந்தால் ஆடும், ஆடினால் கை ஓயாமல் அங்கே போகும், மறைத்து வைத்ததன் பயனும் போய்விடும். இதற்குத் தீர்வு பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. உறையைப் பெல்ட்டிலிருந்து ஓர் அங்குலம் வெளியே தள்ளி, இரண்டு அங்குலம் தாழ்த்திப் பிடிக்கும் வளைந்த தகடு ஒன்று போதும். அப்படிப்பட்ட உறைகள் உலகச் சந்தையில் இருக்கின்றன.

வாங்குவதற்கு முன் சோதிப்பதும் எளிதுதான். தோட்டாவை எடுத்துவிட்டு, அறை காலி என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்துகொண்ட துப்பாக்கியை உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு அதைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணே மைதானத்தில் ஒரு சுற்று வேகமாக ஓடி, மெத்தையில் ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பக்கவாட்டிலும் விழுந்து எழ வேண்டும். எங்கே குத்தியது என்று அவர் காட்டும் இடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள, டெண்டரில் கையெழுத்துப் போடும் அதிகாரியும் அந்த மைதானத்தில் நிற்க வேண்டும்.