ஊசிமுனையில் தமிழெழுத்து

நுழையும்முன்

ஓலையில் எழுத்தாணியும் காகிதத்தில் ஈய அச்சும் தமிழைத் தாங்கின. கணினி வீட்டிற்கும் பள்ளிக்கும் வந்த 1980களில் அப்பணி ஒன்பது ஊசிகளிடம் வந்து சேர்ந்தது. வளைவும் சுழியும் மிகுந்த நம் எழுத்துகளை அவ்வூசிகள் தெளிவுற அச்சிட்ட வழியை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சுழியின் மதிப்பு

‘பணி’ என்பது வேலை. ‘பனி’ என்பது குளிர்ச்சி. இரண்டையும் வேறுபடுத்துவது ஒரே ஒரு சுழி. அச்சில் அச்சுழி மையால் அடைபட்டால் பொருளே மாறிவிடும். மேலுள்ள புள்ளி எழுத்துடன் ஒட்டிக்கொண்டால் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாய்த் தோன்றும். எனவே, அச்சின் தரம் என்பது தமிழில் அழகை மட்டும் சார்ந்ததன்று, பொருளையும் சார்ந்தது.

ஊசிகள் எழுதும் முறை

அக்காலத்தில் பரவலாக வழங்கிய எப்சன் எம்.எக்ஸ்-80, எஃப்.எக்ஸ்-80 போன்ற புள்ளி அச்சுப்பொறிகளின் அச்சுத்தலையில் ஒன்பது ஊசிகள் செங்குத்தாக அமைந்திருந்தன. அவை மைநாடாவின்மீது அடிக்க, காகிதத்தில் புள்ளிகள் பதிந்தன. இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு.

ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் பொறியின் நினைவிலேயே பதிக்கப்பட்டிருந்தன. தமிழ் வடிவங்கள் அதில் இல்லை. ஆதலால், தமிழெழுத்தைப் படமாகக் கருதி, எந்த இடத்தில் எந்த ஊசி அடிக்க வேண்டும் எனக் கணினியே ஆணையிட வேண்டியிருந்தது. படமுறையில் பெரும்பாலும் எட்டு ஊசிகளே பயன்பட்டன. மேலே புள்ளிக்கும் கீழே உகர வளைவிற்கும் இடம் ஒதுக்கினால், எழுத்தின் உடலுக்கு நான்கைந்து புள்ளி உயரமே எஞ்சும். சுழிக்குள் வெண்மை தெரிய வேண்டுமெனில் மை, வெண்மை, மை என மூன்று புள்ளி அகலமேனும் வேண்டும். மூன்று சுழி ணகரம் இங்கேதான் இடர்ப்பட்டது.

இடைவெளியை நிரப்பிய உத்தி

ஊசிகளை நெருக்கி அமைக்க இயலாது. ஆனால், காகிதத்தைச் சிறிதளவு நகர்த்த இயலும். ஓர் அங்குலத்தில் 216இல் ஒரு பங்கு நகர்த்தும் ஆற்றல் இப்பொறிகளுக்கு இருந்தது. முதல் ஓட்டத்தில் அடித்தபின் ஒரு பங்கும், இரண்டாம் ஓட்டத்தின்பின் மேலும் ஒரு பங்கும் நகர்த்தி, மூன்று முறை அடித்தால் எட்டு ஊசிகள் இருபத்து நான்கு வரிசைகளை நிரப்பும். பிறகு 22 பங்கு நகர்த்தினால் அடுத்த பட்டை தொடங்கும். கிடைநிலையில் ஓர் அங்குலத்திற்கு 240 புள்ளி இடங்கள் வரை கிடைத்தன. எனினும், அடித்த ஊசி மீள்வதற்குச் சற்று நேரம் வேண்டும். எனவே, அந்நெருக்கத்தில் அடுத்தடுத்த இரு இடங்களில் ஒரே ஊசியால் அடிக்க முடியாது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை அமைத்தே வளைவுகளை மென்மையாக்கினர்.

சிறிய நினைவகம், பெரிய பக்கம்

எட்டு அங்குல அகலமும் பதினோர் அங்குல உயரமும் கொண்ட பக்கத்தைக் கணக்கிடுவோம். ஓர் ஓட்டத்திற்கு 1,920 பைட்டுகள். மூன்று ஓட்டம் சேர்ந்த ஒரு பட்டைக்கு 5,760 பைட்டுகள். 99 பட்டைகள் கொண்ட பக்கத்திற்கு 5,70,240 பைட்டுகள். அந்நாளில் இந்தியப் பள்ளிகளின் கணினிக் கல்வித் திட்டத்தில் இடம்பெற்ற பி.பி.சி. மைக்ரோ கணினியின் நினைவகமோ 32,768 பைட்டுகளே. முழுப்பக்கமும் அதில் அடங்காது. ஆகவே ஒரு பட்டையை வரைந்து, அச்சிட்டு, அழித்து, அடுத்த பட்டையை வரைவதே ஏற்ற வழி. தரம் உயர உயர, நேரமும் கூடியது.

கருவியைப் பேணல்

கணக்கு சரியாக இருந்தாலும் கருவி ஒத்துழைக்க வேண்டும். உலர்ந்த மைநாடா வெளிறிய எழுத்தைத் தரும். புதுநாடாவோ மை மிகுந்து சுழிகளை அடைக்கலாம். அச்சுத்தலைக்கும் காகிதத்திற்கும் உள்ள இடைவெளியைத் தாளின் தடிமனுக்கேற்பத் திருத்த வேண்டும். தலை இரு திசைகளிலும் ஓடி அடிக்கும்போது வரிசைகள் சற்றே விலகலாம். ஒரு திசையில் மட்டும் அடிக்கச் செய்தால் அவ்விலகல் குறையும்.

தெரிந்து தெளிவோம்

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய தனிவடிவங்கள் நீங்கிப் பொதுக்குறிகள் வந்தன. அதனால், கணினிக்காகத் தனியே வரைய வேண்டிய வடிவங்களும் குறைந்தன.

இன்றும் ஒலிக்கும் ஊசி

மைத்தாரை, லேசர் பொறிகள் வந்தபின்னும் ஊசிப்பொறி மறையவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியையும் எளாவூர் சோதனைச்சாவடியையும் கடந்து ஆந்திரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, சரக்குப் போக்குவரத்து மிகுந்தது. சரக்கு விற்பனைப் பட்டியலுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின்படி வாங்குபவர், கொண்டுசெல்பவர், விற்பவர் என மூவருக்கும் மூன்று படிகள் வேண்டும். படித்தாள் இடைவைத்த மூன்று தாள்களிலும் ஒரே அடியில் பதிக்கும் ஆற்றல், தொட்டு அழுத்தும் ஊசிக்கே உண்டு. ஆனால், மூன்றாம் தாளை அடையும்போது அழுத்தம் குறைந்து எழுத்து மங்கும். ஊர்ப்பெயரும் எண்ணும் கடைசிப் படியிலும் ஐயமின்றிப் படிக்கப்படுகின்றனவா என்பதே அச்சுத் தரத்தின் உரைகல்.

எழுத்து என்பது ஒலியின் வடிவம். அவ்வடிவம் சிதையாமல் காக்க ஒவ்வொரு காலமும் தன் கருவிக்கேற்ற வழியைத் தேடியுள்ளது. குறைந்த புள்ளிகளைக் கொண்டு நிறைந்த எழுத்தை உருவாக்கிய முயற்சி, இன்றைய எழுத்துருக்களைக் காணும் நமக்கும் பயன்தரும் பாடமாகும்.

கற்பவை கற்றபின்

1. கட்டத்தாளில் எட்டுக் கட்ட உயரத்தில் ‘ண’, ‘ன’ ஆகியவற்றை வரைக. இருபத்து நான்கு கட்ட உயரத்தில் மீண்டும் வரைந்து ஒப்பிடுக.
2. ஓர் எழுத்து மங்கினால் பொருள் மாறும் சொல்லிணைகள் ஐந்தினைத் தொகுக்க.