புறத்தே நின்று அகத்தை அறிதல்

நாஞ்சில் நாட்டில், குமரிமுனைக்குச் செல்லும் வழியில் கொட்டாரம் என்னும் ஊர் உண்டு. அங்கே தேங்காய் வாங்குவோர் காயை உடைத்துப் பார்ப்பதில்லை. தட்டி, ஓசை கேட்டு, முற்றியதோ இளசோ என்று சொல்லிவிடுகின்றனர். பூமியை உடைத்துப் பார்க்க இயலாத விஞ்ஞானிகள் கையாண்ட உபாயமும் இதுவே. ஆயின், பூமியைத் தட்டுவது மனிதன் அல்லன், பூகம்பம்.

1897 ஜூன் 12ஆம் தேதி அஸ்ஸாமில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. இந்திய பூதத்துவ இலாகாவைச் சேர்ந்த ஓல்டாம், ஐரோப்பியக் கருவிகளில் பதிந்த அதன் அதிர்வுகளை ஆராய்ந்து, அலைகள் மூவகையின என்று 1899ல் வெளியான அறிக்கையில் காட்டினார். பூமிக்கு நடுக்கரு உண்டென்பதையும் 1906ல் அலைகளைக் கொண்டே உணர்த்தினார்.

ஆழம் செல்லச் செல்ல அலையின் வேகம் பெரும்பாலும் மிகும். ஆகவே அதன் விரைவான வழி நேர்கோடன்று. கீழே வளைந்து மீளும் வில். நேரத்தையே தூரமாகக் கொண்டால், பூமியின் உட்புறம் வளைந்த வெளியாகிறது. மேற்பரப்பில் இடத்துக்கு இடம் அலை செல்லும் நேரத்தை மட்டும் அளந்து, ஆழந்தோறும் உள்ள வேகத்தைக் கணிக்கும் வழியை 1907ல் ஹெர்க்ளாட்ஸ் வகுத்தார். இடையே வேகம் குறையும் அடுக்கு இருப்பின் அவ்வழி தடுமாறும். திசைக்கொரு வேகமுள்ள வெளிகளுக்கும், தக்க நிபந்தனைகளின் கீழ், எல்லையளவுகளே போதும் என்னும் நிரூபணத்தை ஸ்டெஃபானோவ், உல்மன், வாசி என்போர் 2017ல் வெளியிட்டனர்.

இதனால் நமக்கு ஆவதென்ன என்று சிலர் வினவலாம். 2004 டிசம்பர் 26ஆம் தேதியை அவர்கள் நினைக்கட்டும். சுமத்திராவருகே கடலடி அதிர்ந்தது. அதிர்வு சில நிமிஷங்களில் நம் தேசத்தை எட்டியது. கடலலை தமிழ்நாட்டுக் கரையை அடைந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் பின்னர். அந்த அவகாசத்தில் குளச்சலுக்கும் மணக்குடிக்கும் எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை.

2007ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. நியாயஸ்தலத்தில் பழகிய நாம் அறிவோம்: ஒரு சாட்சியின் வாக்கை மற்றவற்றோடு ஒத்துப் பார்த்தே உண்மை துணியப்படும். பூகம்பம் நேர்ந்த இடமும் அவ்வாறே. பல நிலையங்களில் அலை வந்த நேரத்தைப் பூமியின் உட்புற வேகத்தோடு பொருத்தியே அது துணியப்படுகிறது.

இக்கணிதத்தைக் கற்கும் இளைஞர் நம் கல்லூரிகளில் பெருகவேண்டும். அதன் முடிவைக் கடற்கரைக் குடிசை வரை தெளிதமிழில் கொண்டு சேர்க்கும் ஊழியரும் ஊர்தோறும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், அன்று கிட்டிய இரண்டு மணி நேரம் போலவே, இனிக் கிட்டும் அவகாசமும் வீணே கழியும்.