உங்களுக்குத் தெரியுமா? இதய மருந்தும் குருதி அளவும்

● 1942 மார்ச்சில் ஜாவா யப்பானியர் கைக்குப் போனது. உலகுக்கு வேண்டிய குயினைனில் பெரும் பகுதி அந்தத் தீவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்துதான் வந்தது. மலேரியா மிகுந்த நாடுகளில் நின்ற நேச நாட்டுப் படைகள் குயினைனுக்குப் பதிலாக மெபக்ரின் மாத்திரையை நம்ப வேண்டியதாயிற்று.

● மெபக்ரினை எவ்வளவு கொடுப்பது? நியூயோர்க்கின் கோல்ட்வோட்டர் வைத்தியசாலையில் பெர்னார்ட் பிரோடியும் சிட்னி உடன்ஃபிரெண்டும், மருந்து ஒளிரும் தன்மையைக் கொண்டு குருதியில் அதன் அளவைக் கண்டார்கள். தொடக்கத்தில் கூடுதலாகவும் பிறகு நாளுக்குச் சிறிதளவும் கொடுத்தால் போதும் என்று அதனால் தெளிவாயிற்று. மலேரியா மருந்துக்காக வளர்ந்த அந்த அளவீடு இன்று இதய நோயாளிக்கு உதவுகிறது.

● குயினைனின் இரட்டைப் பிறவி குயினிடின். இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, அடுக்கு வேறு. சீரற்ற இதயத் துடிப்புக்குக் குயினிடின் உதவுவதை 1918இல் பெர்லினில் வால்டர் ஃபிரை காட்டினார். இவ்விரண்டையும் தரும் சின்கோனாவை வளர்க்கவே 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலை தாவரவியற் பூங்கா தொடங்கப்பட்டது.

● குயினிடினைப் பழைய ஒளிர்வு முறையில் அளந்தால், உடல் அதைச் சிதைத்து உண்டாக்கிய பொருட்களும் சேர்ந்து ஒளிரும். அளவு கூடித் தெரியும். பொருட்களைத் தனித்தனியே பிரிக்கும் திரவ நிறப்பகுப்பு முறை வந்த பின் மருந்தின் உண்மை அளவு கிடைத்தது.

● இதய மருந்தான டிஜொக்சினில் பயனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு மில்லிலீற்றர் சீரத்தில் 0.5 முதல் 0.9 நனோகிராம் போதும். 2 நனோகிராமைத் தாண்டினால் ஆபத்து ஏறுகிறது. ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

● இவ்வளவு சிறிய அளவைக் காணும் கதிரியக்க எதிர்ப்பான் முறையை டிஜொக்சினுக்குக் கொண்டுவந்தவர்கள் தோமஸ் ஸ்மித் குழுவினர், ஆண்டு 1969. இன்றைய இயந்திரங்களில் கதிரியக்கத்துக்குப் பதில் நொதியோ ஒளிரும் பொருளோ வேலை செய்கிறது. எதிர்ப்பான் (பிறபொருளெதிரி) மருந்தோடு பொருந்தும் விதம் பூட்டும் சாவியும் போன்றது.

● அந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவிகளும் உண்டு. பச்சிளங் குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகமோ ஈரலோ பழுதானவர்கள் ஆகியோரின் குருதியில் டிஜொக்சினைப் போன்ற பொருட்கள் இயல்பாகவே இருக்கலாம். மருந்தே எடுக்காதவருக்கும் சில இயந்திரங்கள் அளவு காட்டிவிடும். முடிக்கும் நகத்துக்கும் எடுக்கும் பயோட்டினும் சில முறைகளைக் குழப்பும்.

● நம் வேலியோர மஞ்சள் அலரியின் நஞ்சும் டிஜொக்சினுக்கு உறவு. டிஜொக்சின் பரிசோதனை அதையும் ஓரளவு பிடிக்கும், ஆனால் அந்த எண் நஞ்சின் உண்மை அளவைச் சொல்லாது. எண் சிறிதாக இருப்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணக்கூடாது; இதயத் துடிப்புப் பதிவையும் பொற்றாசியத்தையும் பார்த்தே வைத்தியர் முடிவெடுப்பார். டிஜொக்சினுக்கான எதிர்ப்பான் மருந்து அலரி நஞ்சையும் முறிக்கும் என்பதை 2000இல் வெளியான இலங்கை ஆய்வு உலகுக்குக் காட்டியது. குழந்தை அலரிக் காயைக் கடித்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

● அந்த முறிமருந்து ஏற்றிய பின் வழக்கமான பரிசோதனை செய்தால் எண் எகிறித் தெரியலாம். முறிமருந்தோடு கட்டுண்டு செயலிழந்த டிஜொக்சினும் கணக்கில் சேர்வதே காரணம். கட்டுறாத பகுதியை வடிகட்டிப் பிரித்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

● புரோக்கைனமைட் என்ற இதய மருந்தை உடல் ‘நாபா’ என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அதுவும் இதயத்தில் வேலை செய்யும். மாற்றும் வேகம் பரம்பரையால் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே இரண்டையும் அளக்க வேண்டும்.

● மூலக்கூறின் நிறையைக் கொண்டு மருந்தை இனங்காணும் நிறை நிறமாலைமானி முறையே இன்று மிகத் துல்லியமானது. ஆனால் கருவி விலை அதிகம், பயிற்சி பெற்றவர் வேண்டும். நள்ளிரவில் வரும் நோயாளிக்கு விரைவில் விடை தருவது எதிர்ப்பான் முறைதான். அவசரத்துக்கு அது, சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்ல மற்றது.

● டிஜொக்சின் மாத்திரை விழுங்கி 6 மணி நேரமாவது கழித்தே குருதி எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால், மருந்து உடலில் பரவி முடியாததால், எண் பொய்யாக உயர்ந்திருக்கும். எந்த உயர்ந்த முறையாலும் இந்தப் பிழையைத் திருத்த முடியாது. கடைசி மாத்திரை எடுத்த நேரத்தையும் நீங்கள் எடுக்கும் மற்ற மருந்துகளையும் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் பரிசோதியுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.