கேரவனுக்கு ஒரு வண்டிப்பேட்டை

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டிதான் கேரவன். லாட்ஜ் தேட வேண்டாம். பிடித்த ஆற்றங்கரையில் நிறுத்தி, இரவைக் கழித்துவிட்டுக் காலையில் கிளம்பலாம். இதற்கென மத்திய அரசு 2010-லேயே ஒரு கொள்கையை வெளியிட்டது. கேரளம் 2021-ல் தனித் திட்டமே தொடங்கியது. காவிரியும் தென்பெண்ணையும் ஓடும் தருமபுரி மாவட்டத்துக்கும் இந்தப் பயணம் பொருந்தும். ஆனால், கண்ட இடத்தில் காசில்லாமல் தங்கலாம் என்ற பாதி மட்டும் பொருந்தாது.

ஆற்றங்கரைப் புறம்போக்கு யாருக்கும் சொந்தமில்லை என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அங்கே ஆடு மாடு மேய்கிறது, பரிசல் கவிழ்த்து வைக்கப்படுகிறது, மீன் வலை காய்கிறது. ஒகேனக்கல்லைச் சுற்றிய காடு யானைகளின் வழி. அதில் ஒரு பகுதி 2022-ல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆறோ, இங்கே ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் பெருகும். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்தால், பிலிகுண்டுலு வழியாக அது இங்கே வந்து சேரும். 2018, 2022, 2024 ஆண்டுகளில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் வந்தபோது பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை விதிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் மணல் திட்டில் நிறுத்திய வண்டிக்கு விடியும்வரை அந்தத் திட்டு இருக்கும் என்ற உறுதி கிடையாது.

இதைவிடப் பெரிய கவலை வண்டிக்கு அடியில் இருக்கிறது. கேரவனின் கழிவறைக்குக் கீழே ஒரு சிறிய தொட்டி. நாற்றத்தை அடக்க அதில் ரசாயனம் ஊற்றுவார்கள். இரண்டு மூன்று நாளில் அது நிரம்பிவிடும். காலி செய்ய இடமில்லையென்றால் பள்ளமோ ஓடையோதான் கதி, அந்த ஓடை போய்ச் சேருமிடம் ஆறு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பல்லெல்லாம் கறைபடிந்த மாவட்டம் இது. அதற்கு மாற்றாகத்தான் 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் ஊர் ஊராக வருகிறது. ஒருவரது சுதந்திரப் பயணத்தின் கழிவு இன்னொருவரது குடத்தில் விழுவதை எப்படி ஏற்பது?

சுவீடனில் யாருடைய நிலத்திலும் ஓரிரவு தங்கலாமே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த உரிமை நடந்து போய்க் கூடாரம் அடிப்பவருக்குத்தான், காட்டுக்குள் வண்டி ஓட்டுபவருக்கு அங்கேயும் இல்லை. நமக்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவையும் இல்லை. மாட்டு வண்டிக் காலத்தில் ஊருக்கு ஊர் வண்டிப்பேட்டை இருந்தது: மாட்டை அவிழ்த்துவிட நிழல், தண்ணீர்த் தொட்டி, சிறு கட்டணம். வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வாங்க 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இன்றும் இடம் தருகிறது. கேரவனுக்கும் அப்படியொரு பேட்டை அமைக்கலாம்: மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் நாகமரைப் பக்கம், அணையின் 120 அடி மட்டத்துக்கு மேலே. தென்பெண்ணையில் இருமத்தூர்ப் பக்கம் வெள்ளம் எட்டாத மேட்டில். இப்படி இரண்டு இடம் போதும், தொடங்குவதற்கு.

கேரவன் வைத்திருக்கும் சிலருக்காக ஊராட்சிப் பணத்தைச் செலவழிப்பதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஆடிப்பெருக்கன்று டெம்போவிலும் டிராக்டரிலும் அண்டா குண்டாவோடு குடும்பம் குடும்பமாக ஆற்றுக்கு வருபவர்களுக்கும், தண்ணீர்க் குழாயும் கதவுள்ள கழிவறையும் அதே மேட்டில்தான் தேவைப்படுகின்றன.